மாலை போட்டால் கடன் தீருமா?

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஆசிரியர் கழுத்துக்கு மாலை வந்துவிடும். டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5-ஆம் நாளை 1962 முதல் நாடு ஆசிரியர் நாளாகக் கொண்டாடி வருகிறது. 1997-இல் அதே செப்டம்பர் 5 அன்றுதான் அன்னை தெரேசா இறைவனடி சேர்ந்தார். சேரித் தெருக்களில் இறங்குவதற்கு முன் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கல்கத்தாவின் என்டாலி புனித மரியாள் பள்ளியில் கரும்பலகை முன் நின்ற ஆசிரியை என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. செப்டம்பர் 1-ஆம் நாளோ தனிநாயகம் அடிகளார் மறைந்த நாள். ஆக, இம்மாதத்தின் முதல் ஐந்து நாட்களுக்குள் மூன்று ஆசிரியர்கள் நம்மிடம் வந்து நிற்கிறார்கள்.

இந்த மாதத்தில் ஆசிரியரைப் புகழ்வது எளிது. மேடை உண்டு, ஒலிபெருக்கி உண்டு, சொற்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால், அன்பு வாசகரே, நான் இங்கே கடன் கேட்க வந்திருக்கிறேன். ஆசிரியர் நமக்குக் கொடுத்ததை நாம் திருப்பிச் செலுத்தினோமா? அதிலும், இறந்துபோன ஆசிரியருக்குக் கிறிஸ்தவராகிய நாம் செலுத்த வேண்டியது என்ன? மாலையோடும் பதாகையோடும் அந்தக் கடன் தீர்ந்துவிட்டதாக நம் பங்குகளில் ஓர் எண்ணம் பரவி வருகிறது. அந்த எண்ணம் நம் நம்பிக்கைக்கும் பொருந்தாது, நீதிக்கும் பொருந்தாது. இதையே இங்கு வாதிட விரும்புகிறேன்.

தலைப்பாகையை எடுத்தார்கள், குருவை விட்டார்கள்

மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த வீரமாமுனிவர் (1680–1747) நமக்குத் தந்துவிட்டுப் போன செல்வங்களுள் 'பரமார்த்த குருவின் கதை'யும் ஒன்று. குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் பற்றிய அந்தக் கதையைப் படித்துச் சிரிக்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. அதில் ஒரு நிகழ்ச்சி. குதிரை மேல் போகும் குருவின் தலைப்பாகை விழுகிறது, சீடர்கள் எடுக்கவில்லை. 'விழுவதை எல்லாம் எடுக்க வேண்டாமா?' என்று குரு கடிந்துகொள்ள, அடுத்து அவர்கள் குதிரைச் சாணத்தையும் பத்திரமாக ஏந்தி வருகிறார்கள். வேறு வழியின்றி, எவை எவை விழுந்தால் எடுக்க வேண்டும் என்று குரு ஒரு பட்டியல் எழுதித் தருகிறார். பின்பு குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் பட்டியலைப் பார்த்துத் தலைப்பாகையை எடுக்கிறார்கள், ஆடைகளை எடுக்கிறார்கள். குருவை மட்டும் குழியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஏனெனில் குருவின் பெயர் பட்டியலில் இல்லை!

சிரித்துவிட்டு நூலை மூடிவிடுகிறோம். ஆனால் ஆசிரியரை மதிப்பதாகச் சொல்லி நாம் கையில் வைத்திருக்கும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பொன்னாடை இருக்கிறது. நினைவுப் பரிசு இருக்கிறது. நம் ஓசூரிலேயே செய்த கைக்கடிகாரம் இருக்கிறது. இறந்தபின் கண்ணீர் அஞ்சலிப் பதாகை இருக்கிறது. ஆசிரியர்தாம் அதில் இல்லை. அவருடைய ஆன்மா அதில் இல்லை. அவருடைய கூலி இல்லை. அவர் பாதியில் விட்டுச் சென்ற வேலையும் இல்லை.

எல்லையில் ஒரு வகுப்பறை

ஜூஜுவாடியிலிருந்து இதை எழுதுகிறேன். நெடுஞ்சாலையில் சற்று வடக்கே நடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல் இந்தப் பகுதி வேலை தேடி வருவோரின் ஊராகிவிட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் முன்பே இங்கு அக்கம்பக்கமாக வாழ்ந்தவை. இன்று இந்தியும் ஒடியாவும் வங்காளமும் அதே தெருவில் கேட்கின்றன. தந்தை இரவுப் பணிக்குப் போகும்போது தாய் பகல் பணி முடிந்து திரும்புகிறாள். பிள்ளை வீட்டில் ஒரு மொழியும் தெருவில் இன்னொரு மொழியும் பள்ளியில் மூன்றாவது மொழியும் கேட்டு வளர்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் ஆசிரியர் என்பவர் யார்? பிள்ளையின் வீட்டு விலாசம் ஆண்டுக்கொருமுறை மாறினாலும் மாறாத ஒரே முகம் அவர். வாடகை வீடு மாறும். ஒப்பந்த நிறுவனம் மாறும். தந்தையின் அடையாள அட்டை மாறும். மூன்றாம் வகுப்பு ஆசிரியை மட்டும் அதே வாயிலில் நிற்கிறாள். இந்தப் பகுதியில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் பின்னால் அத்தகைய ஒருவர் இருக்கிறார்.

அண்மைக் காலத்தில் அத்தகைய ஓர் ஆசிரியையின் அடக்கத் திருப்பலியில் உடன் நிறைவேற்றுபவராக இருந்தேன். ஊரையும் பள்ளியையும் சொல்லப் போவதில்லை. நீங்கள் எந்த ஊரை நினைத்தாலும் அது பெரும்பாலும் பொருந்தும். தெருமுனையில் பீடத்தைவிட உயரமான பதாகை. அதில் இறந்தவரின் பெயருக்கு நிகரான எழுத்தில் பதாகை வைத்தவர்களின் பெயர்கள். திருப்பலியில் மறையுரையே புகழுரையாயிற்று. நன்றி மன்றாட்டுக்குப்பின் மேலும் மூவர் பேசினார்கள். 'டீச்சர் இப்போது விண்ணகத்தில் இருந்து நமக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருக்கிறார்' என்று மூவரும் தவறாமல் சொன்னார்கள். அவருக்காகச் செபியுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கல்லறையில் மண்ணிட்டு முடிந்ததும் அவருடைய மகன் அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "ஃபாதர், அம்மாவுக்கு இருபத்தாறு வருஷப் பணிக்கொடை இன்னும் வரல. யார்கிட்ட கேக்கிறதுன்னும் தெரியல." திருப்பலியில் மிக உருக்கமாகப் பேசியவர் அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்.

அங்கே இறந்தவரிடம் மூன்று கடன்கள் நிலுவையில் நின்றன: செபக்கடன், கூலிக்கடன், அவர் பணியைத் தொடரும் கடன். அஞ்சலிச் சொற்கள் மூன்றையும் மூடி மறைத்துவிட்டன.

எதிர்நோக்கு என்பது தீர்ப்புச் சொல்லிவிடுவதா?

முதலாவது, செபக்கடன். 'என் ஆசிரியர் விண்ணகத்தில் இருக்கிறார்' என்று சொல்வது பெரிய மரியாதை என நாம் எண்ணுகிறோம். அன்பினால் சொல்கிறோம், அந்த அன்பைப் பழிக்க மாட்டேன். ஆனால் தீர்ப்பு இறைவனுடையது. அதை நாமே எழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டால், அதன்பின் இறந்தவருக்காக நாம் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. மிகவும் வசதியான பக்தி அது! புனிதராக்கிவிட்டால் செபிக்க வேண்டியதில்லை; நினைவுத் திருப்பலி கேட்க வேண்டியதில்லை; நோன்பும் தருமமும் ஒப்புக்கொடுக்க வேண்டியதில்லை.

திரு அவை இதை அறிந்தே வைத்திருக்கிறது. அடக்கத் திருப்பலியில் சுருக்கமான மறையுரை வேண்டும். ஆனால் எவ்வகைப் புகழுரையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை 382-ஆம் எண்ணில் தெளிவாகக் கூறுகிறது. இது இறந்தவரை அவமதிக்கும் விதி என்பாரும் உளர். என் எண்ணத்தில், இறந்தவரைக் காக்கும் விதி அது. புகழுரை அவருடைய வாழ்நாளோடு முடிந்துவிடும். மறையுரையோ கிறிஸ்துவின் உயிர்ப்பிலிருந்து தொடங்கும். புகழுரைக்குச் சிறந்த ஆசிரியர் தேவை; சாதாரண ஆசிரியருக்கு அது கிடைக்காது. உயிர்ப்பின் செய்தியோ, பிரம்பைக் கீழே வைக்கத் தெரியாத ஆசிரியருக்கும் உண்டு. குரல் தேய்ந்து மாணவர் கேலிக்கு ஆளான ஆசிரியருக்கும் உண்டு.

யூதா மக்கபேயு போரில் மாண்ட தம் வீரர்களுக்காகப் பணம் திரட்டிய செய்தியை மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. இரண்டாயிரம் திராக்மா வெள்ளி! அவ்வளவும் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுப்பதற்காக எருசலேமுக்குப் போயிற்று. இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று அவர் எதிர்நோக்கியதாலேயே அப்படிச் செய்தார் என்று நூலாசிரியர் விளக்கம் தருகிறார். இன்று நாமும் பணம் திரட்டுகிறோம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் நம் எதிர்நோக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

புனித மோனிக்காவை எண்ணிப் பாருங்கள். அவருடைய மகன் அகுஸ்தினார் சொற்கலை கற்பித்த ஆசிரியர். புகழுரை எழுதுவதே அவருடைய தொழிலாக இருந்தது. உலகிலேயே சிறந்த இரங்கல் உரையைக் கேட்டுப் பெறும் வாய்ப்பு அந்தத் தாய்க்கு இருந்தது. 387-ஆம் ஆண்டு ஓஸ்தியாவில் சாகும்போது அவர் கேட்டது என்ன? உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள். ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினைவுகூருங்கள் என்ற வேண்டுகோள் ஒன்றே. நம் ஆசிரியர்களின் சார்பாக இதைவிட மேலான வேண்டுகோளை யாரால் எழுதித் தர முடியும்?

ஒரு சொல்லை இங்கு ஊன்றிக் கவனிக்கலாம். பெரியவர்கள் 'விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்' என்று மனப்பாடம் செய்தார்கள். இன்று நாம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறோம். 'எதிர்நோக்கு' என்ற சொல்லை முதலில் சிலர் விரும்பவில்லை. எனக்கோ அது வரவர இனிக்கிறது. எதிரே நோக்குவது அது. நம் அஞ்சலிக் கூட்டங்களோ பின்னோக்கியே பேசுகின்றன: அவர் இருந்தார், செய்தார், போனார். 2025-ஆம் யூபிலி ஆண்டு முழுவதும் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பாடி நடந்தோம். திருப்பயணி முன்னே பார்த்து நடப்பவன். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய திருமடலில், இறந்தோருக்காக நாம் செபிப்பதை எதிர்நோக்கின் செயலாகவே விளக்குகிறார். தனக்கு மட்டுமே மீட்பைத் தேடும் எதிர்நோக்கு முழுமையானதன்று என்பது அவர் கருத்து. என் ஆசிரியருக்காக நான் செபிக்கும்போது அவர் முடிந்துபோன கதையாக இல்லை; அவரும் நானும் இன்னும் ஒரே பயணத்தில் இருக்கிறோம்.

முப்பதாம் நாள் கணக்கு

இரண்டாவது, கூலிக்கடன். இதைப் பேசினால் சிலருக்கு முகம் சுருங்கும். 'ஆன்மீக இதழில் பணக் கணக்கா?' என்பார்கள். கணக்குத்தான், ஏனெனில் விவிலியமும் இதைக் கணக்காகவே பேசுகிறது. வேலையாளின் கூலியை இரவு முழுதும் உன்னிடம் வைத்திராதே என்று தோபித்து தம் மகனுக்கு அறிவுரை கூறுகிறார் (தோபி 4:14). பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் படைகளின் ஆண்டவருடைய செவிக்கு எட்டிவிட்டது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக் 5:4).

நம் நாட்டில் பணிக்கொடைச் சட்டம் 1972-இல் வந்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம். ஆலைத் தொழிலாளிக்கு அந்த உரிமை கிடைத்தது. 1997 ஏப்ரல் 3-ஆம் நாளிட்ட அறிவிக்கை கல்வி நிலையங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. ஆனால் ஆசிரியர் அச்சட்டம் சொல்லும் 'பணியாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 2004 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொஞ்சம் நின்று சிந்தியுங்கள்: வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு சிப்காட்டுக்கு வேலைக்குப் போன மாணவனுக்குப் பணிக்கொடை உண்டு, கற்றுக்கொடுத்தவருக்கு இல்லை! நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியருக்கும் அந்த உரிமை உண்டு என்றது. தனியார் பள்ளிகள் வழக்காடின. 2022 ஆகஸ்டு 29 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்குகளைத் தள்ளி, திருத்தம் செல்லும் என்றது. பணிக்கொடை முதலாளி தரும் சலுகை ஆகாது, பணியின் ஒரு நிபந்தனை என்பதையும் விளக்கியது. 2025 நவம்பர் முதல் இந்த உரிமை சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் உரிமை நிற்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். பணியில் இருக்கும்போதே ஆசிரியர் இறந்துவிட்டால் ஐந்து ஆண்டு நிபந்தனையும் இல்லை. தொகை அவருடைய வாரிசுக்குச் சேர வேண்டும். எத்தனை நாட்களுக்குள்? முப்பது நாட்களுக்குள்! நம் வீடுகளில் முப்பதாம் நாள் திருப்பலி கேட்கும் வழக்கம் உண்டல்லவா? நாட்டின் சட்டமும் நம் பக்தியும் ஒரே நாளில் சந்திக்கின்றன. முப்பதாம் நாள் பூசைக்குப் பள்ளி நிர்வாகி மலர்வளையத்தோடு வருகிறார். அன்று அவர் கையில் இருக்க வேண்டியது காசோலை.

ஓர் எளிய கணக்கு. மாத ஊதியம் 12,000 ரூபாய். பணி 26 ஆண்டுகள். மாத ஊதியத்தை 26 நாட்களால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்கினால் 1,80,000 ரூபாய் வரும். ஒரு குடும்பத்திற்கு இது மகளின் கல்லூரிப் படிப்பு. கடனில் மூழ்கிய வீட்டுக்கு மூச்சு. இதைத் தராமல் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று பதாகையில் எழுதுகிறோம். ஈடு செய்ய முடிந்ததையாவது செய்தோமா?

திரு அவையின் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. திரு அவையின் சொத்துகளை நிர்வகிப்போர் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைக் கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும். பணியாளர் தமக்கும் தம் குடும்பத்திற்கும் தேவையானதைப் பெறும் அளவுக்கு நீதியான, தகுந்த ஊதியம் அளிக்க வேண்டும் என்று 1286-ஆம் சட்ட எண் பணிக்கிறது. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை பற்றித் திருமடல் எழுதியபோது அவருடைய கண்முன் ஆலைகள் இருந்தன. ஆலைகள் சூழ்ந்த இந்த ஊரிலிருந்து சொல்கிறேன்: அத்திருமடலை ஆலை வாயிலில் வாசித்துக் காட்ட நமக்குத் தகுதி வேண்டுமானால், முதலில் அதை நம் பள்ளி அலுவலகத்தில் வாசிக்க வேண்டும்.

மூன்று மறுப்புகள்

'இறந்தவரைப் போற்றுவது தமிழர் பண்பு, அதையும் தடுப்பீரோ?' என்று கேட்கலாம். தடுக்கவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஊரின் ஆநிரையைக் காத்து விழுந்த வீரனுக்கு ஊர் எழுப்பிய கற்கள் அவை. வீரனின் உருவமும், அவன் எதற்காக விழுந்தான் என்பதும் கல்லில் நின்றன. அதோடு முடிந்ததா? விழுந்தவனின் குடும்பத்திற்கு நிலம் வழங்கிய செய்திகளும் கல்வெட்டுகளில் உண்டு. உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். நம் முன்னோர் கல்லையும் நிலத்தையும் பிரிக்கவில்லை. குடும்பத்தைப் பட்டினியில் விட்டுக் கல்லை மட்டும் நட்டு அதற்குப் பண்பாடு என்று பெயர் வைக்கவில்லை. தமிழர் பண்பு வேண்டுமென்றால் முழுதாக வேண்டும்.

'ஆசிரியப் பணி அர்ப்பணிப்பு. அதற்குக் கூலி பேசலாமா?' என்பது இரண்டாம் மறுப்பு. அர்ப்பணிப்பு என்ற சொல்லை அர்ப்பணிப்பவர் சொன்னால் அழகு. ஊதியம் தர வேண்டியவர் சொன்னால் அது ஏய்ப்பு. ஆசிரியர்களின் பாதுகாவலராகப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் அறிவித்த புனித தெ லா சால் இதைத் தம் வாழ்வில் கற்றார். தம்மோடு உழைத்த ஏழை ஆசிரியர்களிடம் நாளையைப் பற்றிக் கவலைப்படாமல் இறைப் பராமரிப்பை நம்புங்கள் என்று அவர் போதித்தார். 'உமக்குச் சொத்து இருக்கிறது, ஆலய மானியம் இருக்கிறது. பள்ளி மூடினால் நீர் பட்டினி கிடக்க மாட்டீர். எங்களுக்கு என்ன இருக்கிறது?' என்ற பொருளில் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவர் சினக்கவில்லை. 1683-இல் தம் மானியப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சக் காலத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். அர்ப்பணிப்பைப் பற்றி ஆசிரியரிடம் பேச உரிமை பெற்ற நிர்வாகி அவர். அந்த விலையைக் கொடுக்காதவர்கள் அச்சொல்லைக் கொஞ்சம் சிக்கனமாகப் பயன்படுத்தலாம்.

'பள்ளியில் பணம் இல்லை' என்பது மூன்றாம் மறுப்பு. பல பள்ளிகளுக்கு இது உண்மை. கட்டணம் செலுத்த முடியாத தொழிலாளர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு திணறும் நிர்வாகிகளை நான் அறிவேன், அவர்களுக்குத் தலைவணங்குகிறேன். அவர்களிடம் கேட்பது ஒன்றே: கணக்கைத் திறந்து வையுங்கள். இல்லாமையைப் பெற்றோரும் பங்கு மக்களும் அறியட்டும், அறிந்தால் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் வெள்ளிவிழா வளைவுக்கும் நுழைவாயில் கோபுரத்திற்கும் கிடைக்கும் பணம், ஆசிரியையின் பணிக்கொடைக்கு மட்டும் கிடைக்காமல் போனால், அங்கே குறைவது பணமன்று.

அடிகளார் தம் ஆசானுக்குச் செய்த மரியாதை

மூன்றாவது, தொடரும் கடன். இங்கே தனிநாயகம் அடிகளாரை அழைக்கிறேன். 1913 ஆகஸ்டு 2-இல் யாழ்ப்பாணத்துக் கரம்பனில் பிறந்து, உரோமையில் இறையியல் பயின்று, 1938-இல் குருவானவர். தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் ஆசிரியரானார். இலத்தீனும் ஐரோப்பிய மொழிகளும் கைவந்த அந்த இளங்குரு, அங்கேதான் ஒரு தமிழ்ப் பண்டிதரின்முன் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கற்பித்தார். பழந்தமிழ்க் கல்வியை ஆராய்ந்து இலண்டனில் முனைவரானார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமையேற்றார். 1964-இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. 1980 செப்டம்பர் 1-இல் அவர் கண்மூடினார். 1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் மாநாடு அவரின்றியே கூடியது.

தமக்குத் தமிழ் சொல்லித் தந்த ஆசானுக்கு அவர் செய்த மரியாதை எது என்று கேட்டால், என் விடை இதுதான்: கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பெற்றதை உலகின் பல்கலைக்கழகங்கள் வரை சுமந்து சென்று கொடுத்தார். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர் பாய்ச்சினார், விளையச் செய்தவர் கடவுள் என்ற கொரிந்தியர் மடலின் கருத்துக்கு (1 கொரி 3:6) வாழும் விளக்கம் அது. நட்டவர் விளைச்சலைக் கண்டாரா இல்லையா என்பது அங்கே கேள்வியே ஆகாது. ஆசிரியர் தம் உழைப்பின் பலனைப் பெரும்பாலும் காணாமலே சாகிறார். ஆகவேதான் வேறெந்தப் பணியையும்விட ஆசிரியப் பணிக்கு உயிர்ப்பின்மேல் எதிர்நோக்கு தேவைப்படுகிறது. பலரை நன்னெறிக்குக் கொணர்ந்தவர்கள் விண்மீன்களைப் போல் ஒளிர்வார்கள் என்று தானியேல் நூல் 12-ஆம் அதிகாரம் வாக்களிப்பது, மண்ணில் உறங்குவோர் விழித்தெழும் நாளைப் பற்றிப் பேசும் இடத்தில்தான்.

நாமோ அடிகளாரின் படத்துக்கு மாலையிடுகிறோம். அவர் பெயரால் விருது தருகிறோம். அதே ஞாயிறன்று நம் இளைஞர் முதல் வாசகத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் தமிழாக வாசிக்கிறார்கள். எல்லைப் பகுதியில் இருக்கும் நமக்கு இது அன்றாடக் காட்சி. பிள்ளைகளைப் பழிக்காதீர்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியவர் யார்? பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்? பள்ளி மொழி புரியாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒடியப் பிள்ளைக்கும் வங்காளப் பிள்ளைக்கும் அடிகளார் இன்று இங்கு இருந்தால் என்ன செய்திருப்பார்? பன்மொழிகளை நேசித்த அந்த மனிதர் அவர்களைப் பின்வரிசையில் விட்டிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

'ரபூனி' என்றவள் பெற்ற வேலை

இறந்த ஆசிரியரை எப்படி மதிப்பது என்பதற்கு நற்செய்தியிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. வாரத்தின் முதல் நாள் விடியலில் பெண்கள் நறுமணப் பொருள்களோடு கல்லறைக்கு வந்தார்கள். அவர்கள் நோக்கம் நம் நோக்கமே: இறந்துபோன போதகரின் உடலுக்கு இறுதி மரியாதை. மகதலா மரியா அழுதுகொண்டு நின்றாள். உயிர்த்த ஆண்டவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தபோது அவள் வாயிலிருந்து வந்த சொல் 'ரபூனி'. அதன் பொருள் போதகர் என்று யோவான் நமக்காக விளக்கியும் வைக்கிறார் (யோவா 20:16). உயிர்த்தவரை அடையாளம் கண்டதும் அவள் சொன்ன முதற்சொல் 'ஆசிரியர்' என்பதே!

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தம்மைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்க அவர் அவளை விடவில்லை. தம் சகோதரர்களிடம் போகச் சொல்லி ஒரு வேலை கொடுத்தார். நறுமணத் தைலம் பூசப்படாமலே நின்றது. ஆனால் அன்று அவள் செய்ததைவிடச் சிறந்த அஞ்சலியை உலகம் இதுவரை கண்டதில்லை. ஆசிரியரை உயிரோடு இருப்பவராக நம்புகிறவர்கள் கல்லறையடியில் நிற்க மாட்டார்கள். அவர் அனுப்பிய இடத்துக்குப் போவார்கள்.

ஆகவே பங்கு மக்களுக்கும், பள்ளி நிர்வாகங்களுக்கும், குருக்களுக்கும் இம்மாதம் நான் முன்வைப்பவை நான்கு. ஒன்று, அடக்கத் திருப்பலியைத் திருப்பலியாகவே இருக்க விடுவோம். நினைவுகளைப் பகிரத் தனியே ஒரு கூட்டம் வைத்துக்கொள்வோம், அதில் மனமாரப் பேசுவோம். இரண்டு, பதாகைக்குத் திரட்டும் பணத்தில் அவர் பெயரால் திருப்பலிகள் ஒப்புக்கொடுப்போம்; எஞ்சியதில் ஒரு தொழிலாளர் பிள்ளையின் கட்டணத்தைக் கட்டுவோம். மூன்று, நம் பள்ளிகளில் ஓய்வுபெறும், இறந்துபோகும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் சேர வேண்டியது முப்பது நாட்களுக்குள் சேர்ந்துவிட்டது என்பதைப் பங்குப் பேரவை கேட்டறியட்டும். கேட்பது பேரவையின் கடமை, விடை தருவது நிர்வாகத்தின் கடமை. நான்கு, நவம்பர் 2, இறந்தோர் அனைவரின் நினைவு நாளுக்குமுன் நமக்குக் கற்பித்து இறந்த ஆசிரியர்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதுவோம். கத்தோலிக்கர், இந்து, இசுலாமியர் என்ற வேறுபாடு அதில் வேண்டாம். எழுத்தறிவித்த கைகளுக்கு மதம் பார்த்தா நாம் எழுதப் பழகினோம்?

'டீச்சர் விண்ணகம் போய்விட்டார்' என்று சொல்லிக் கலைந்துவிடாதீர்கள். அவர் அங்கே போய்ச் சேரும்படி செபியுங்கள். அவருக்குரியதை அவர் வீட்டில் சேர்த்துவிடுங்கள். அவர் நின்ற வகுப்பறை வாயிலில் இப்போது நிற்பவர் யார் என்று நாளைக் காலை போய்ப் பாருங்கள். அவருக்கு இந்த மாதச் சம்பளம் வந்துவிட்டதா என்றும் கேளுங்கள்.